இரண்டு ஆள் எடை

பிப்ரவரி 8

மச்சினருக்கு,

என் பழைய காரின் இடது முன்சக்கரத்தைத் தாங்கிய தண்டு விபத்தில் உடையவில்லை. அது உடைந்ததால்தான் விபத்து நடந்தது. இதைச் சொன்னவர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பொறியாளர். உடைந்த இரண்டு துண்டுகளையும் போன வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். உடைந்த பரப்பில் முக்கால் பங்கு பழைய துரு. மிச்சம் மட்டும்தான் புது உடைப்பாகப் பளபளத்தது. "முக்கால்வாசி எப்பவோ விட்டுப்போச்சு சார். ஒட்டிக்கிட்டு இருந்ததுதான் அன்னைக்குப் போயிருக்கு. யார் ஓட்டியிருந்தாலும் போயிருக்கும்" என்றார். கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் தபால்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பக்கத்து உறவினர்களையும் வைத்துக்கொண்டு நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக. "வளைவுல வேகமாப் போய் என் பொண்டாட்டி காலை ஒடிச்சுட்டான்." இதுதான் நான் சொன்னது. நெற்றியில் தையலோடு நீ நின்றிருந்தாய். வளைவில் நான் இல்லை. நீ வேகமாகப் போனாய் என்று என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

வண்டி இத்தனை மாதமும் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன மாதம் உன் அக்கா, "வித்துடுங்க, இல்ல சரி பண்ணுங்க. எனக்கு நடந்து பழக அந்தத் தரைதான் வழுக்காது" என்றாள். சரி பண்ணலாம் என்று முன்பக்கத்தைக் கழற்றினேன். அப்போதுதான் அந்தத் துரு கண்ணில் பட்டது.

ஏன் விட்டுப்போனது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தத் தண்டின் அடிமுனை ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரையோடு இறங்கி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையில்தான் திரும்புகிறது. அங்கே விடவேண்டியது ஆயில். நான் அடித்தது கிரீஸ். கிரீஸ் மேலேயே கட்டிக்கொண்டு நின்றுவிடும், அடிமரை காய்ந்து துருப்பிடிக்கும் என்று வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மாதிரி ஒன்று இருந்தது, கையில் கிரீஸ் கன் இருந்தது, அடித்தேன். மாதம் தவறாமல் அடித்தேன். ஆனால் அந்தத் தண்டின் வார்ப்பிலேயே குறை இருந்திருக்கவும் கூடும். உடையாத வலது பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும்.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வலது பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அரைகுறைச் செய்தியைச் சொல்லக்கூடாது அல்லவா. பதில் எழுதினால் என் பழைய பத்திரிகை அலுவலக முகவரிக்கு எழுது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்ப் பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன்.

அத்தான்


பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய மூத்த நிருபர் அவர்களுக்கு,

தங்கள் செய்தி கிடைத்தது. "அரைகுறைச் செய்தியைச் சொல்லக்கூடாது அல்லவா" என்ற வரியை பழுது பார்க்கப் போன இடத்தில் ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். கீழே நின்ற உதவியாளர், "என்ன சார் தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றேன்.

வராந்தாவில் சொன்னது முழுச் செய்தியா? அதற்கு ஆதாரம் யார்? இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு தீ விபத்தைக்கூட எழுதியதில்லை என்று எத்தனை விருந்தில் சொல்லியிருப்பீர்கள்! என் விஷயத்தில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை.

பதினான்கு மாதம். அக்கா தானாக ஒருமுறைகூடப் போன் செய்ததில்லை. நான் செய்தால் எடுத்து, "நல்லாத்தான் இருக்கேன், வெச்சிடறேன்" என்பாள். நான் எந்த வண்டியிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். போன வருடம் உங்கள் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். சின்னவன் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்க ஓட்டுற வண்டில ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, பிள்ளை ஒரு தகவலாகத்தான் சொன்னான். நடந்து போனோம்.

இன்னொன்றும் நினைவிருக்கிறதா? விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, "ஸ்டீயரிங் கொஞ்சம் டைட்டா இருக்கு அத்தான்" என்றேன். நீங்கள், "ஏன் மாப்பிள்ளை, லிஃப்ட்டுல ஸ்டீயரிங் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் குனிந்து இன்னும் நாலு அழுத்து அழுத்தினீர்கள். கிரீஸ்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தப்பாக வந்த செய்திக்குத் திருத்தம் போட்டால் அதே பக்கத்தில், அதே அளவில் போடவேண்டும் என்பது உங்கள் கொள்கை. எனக்கு அதுதான் வேண்டும். முதல் பிரதி அக்காவுக்கு.

வலது பக்கத்தைச் சீக்கிரம் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் கை வைக்காதீர்கள். தெறித்தால் தாடை போய்விடும். வீட்டில் ஒருவருக்குக் கால் போனது போதும்.

மச்சினர் (அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்)


மார்ச் 2

மாப்பிள்ளை,

வலது பக்கம் திறந்தாயிற்று. சந்தேகம் தீர்ந்தது.

கட்டையின் மேல் பாதியில் கறுத்த கிரீஸ் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. மரைகள் மழுங்கிப்போயிருந்தன. அதே பொறியாளரிடம் காட்டினேன். "இதுவும் பாதி விட்டாச்சு சார். இன்னும் கொஞ்ச நாள்ல போயிருக்கும்" என்றார். இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் வார்ப்புக் குறை இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது என் கை மட்டும்தான்.

நீ சொன்னபடி கிளாம்ப் போட்டுத்தான் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். இந்த வண்டியில் ஒரு வசதி, பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் ஆர்ம்களில் இருந்த ரப்பர் புஷ்ஷெல்லாம் பள்ளிக்கூடத்து ரப்பர் மாதிரி உதிர்ந்தன. பால் ஜாயின்ட்டின் உறை கிழிந்து உள்ளே மணல். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து காலியாகியிருந்தது. மேலே பூசியிருந்த க்ரீம் நிறம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை நான் வாராவாரம் துடைத்தேன்.

புதுத் தண்டும் கட்டையும் ஜோடியாக வந்தன. ஒரு பக்கத்துக்கு வலது மரை, இன்னொரு பக்கத்துக்கு இடது மரை. தெரியாமல் ஒரு காலை முழுவதும் இதை அதில் திருகப் பார்த்து மல்லுக்கட்டினேன். கடைசியில் கைப்புத்தகத்தை எடுத்தேன். இப்போது பக்கம் பக்கமாகப் படிக்கிறேன்.

உன் அக்கா தினமும் காலையில் ஷெட்டுக்கு வருகிறாள். ஊன்றுகோலோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடை. வண்டிக்கு அவள் வைத்த பெயர் உனக்குத் தெரியும். "என்ன, சக்களத்திக்கு மூட்டு மாத்தறீங்களா? எனக்கு மாத்தும்போது இப்படிப் பக்கத்துல உட்கார்ந்தீங்களா?" என்றாள். உட்கார்ந்தேன் என்றேன். "உட்கார்ந்து பேப்பர் படிச்சீங்க" என்றாள். உண்மைதான்.

நேற்று நான் பழைய கட்டையைக் கையில் வைத்திருந்தேன். நடந்துகொண்டே வந்து என் பக்கத்தில் நின்று, "அது என்ன பித்தளை?" என்று கேட்டாள். அதைவிடச் சரியான சமயம் வாய்க்காது. "பழசு" என்றேன். அவள் திரும்பி நடந்தாள். ஊன்றுகோல் தரையில் படும் சத்தம் அந்தச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. நான் அதையும் அதன் ஜோடியையும் துணியில் சுற்றி டயருக்குள் வைத்துவிட்டேன்.

மந்திரிகளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், கொலைகாரர்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் என்ன பதில் சொன்னாலும் மறுநாள் காலை நான் என் வீட்டில்தான் இருப்பேன். இங்கே அப்படி இல்லை. புஷ் எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான்


மார்ச் 10

அத்தான்,

உங்கள் முதல் கடிதத்தில் அந்தப் பொறியாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, யார் ஓட்டியிருந்தாலும் போயிருக்கும் என்று. அந்த வரியைப் படித்ததும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் இறங்கியிருந்தது. பிறகு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்களைத் திட்டியே இரண்டாவது கடிதத்தையும் முடித்துவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் நியாயமாக இருக்காது.

அன்று உங்கள் கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும்போது முன்னால் ஒரு சத்தம் வந்தது. காய்ந்த கதவுக் கீல் மாதிரி. ஸ்டீயரிங் ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டது. அக்கா, "என்னடா சத்தம்?" என்று கேட்டாள். நான், "ஒண்ணுமில்லக்கா. உன் வீட்டுக்காரர் வண்டியாச்சே, அவர் மாதிரிதான் முனகும்" என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கக் கிளம்பியிருந்தோம். தண்ணீர்த்தொட்டி வளைவில் சக்கரம் மடங்கிக்கொண்டது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அந்தப் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

என் வேலை என்ன தெரியுமா? சத்தம் கேட்டால் நிறுத்துவது. காரணம் பிறகு. முதலில் லிஃப்ட்டை நிறுத்து, பூட்டு, எச்சரிக்கைப் பலகையை மாட்டு. ஒரு கம்பெனி முதலாளியை ஒன்பது மாடி படியேற வைத்திருக்கிறேன். அவர் மூச்சிரைக்கத் திட்டினார், நான் பூட்டைக் கழற்றவில்லை. அப்படிப்பட்டவன் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டும் போனேன். ஏன் என்றால், நிறுத்தியிருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு உங்களிடம் வரவேண்டும். "சத்தம் வருது அத்தான்" என்று சொல்லவேண்டும். நீங்கள் மறுபடி லிஃப்ட்டில் ஸ்டீயரிங் இருக்கா என்று கேட்பீர்கள். வாசலில் உங்கள் அண்ணன் மகளின் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒரு கேலிக்குப் பயந்து போனேன் அத்தான். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எனக்குள் இருக்கும் கேள்வி இது. அக்கா என்னோடு பேசாமல் இருப்பது உங்கள் தீர்ப்பை நம்பியா, என் "ஒண்ணுமில்ல"யை மறக்க முடியாமலா? அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் கிரீஸ் விஷயம் தெரியாதவரை, கோபப்பட அவளுக்கு ஒரு ஆள்தான் இருக்கிறேன். அது சரியில்லை. உங்கள் பங்கை நீங்கள் சொல்லுங்கள். என் பங்கை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

"புஷ் மாற்றியதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வலது பக்கம் திறந்ததும் என்றீர்கள். அடுத்தது பெயின்ட் அடித்ததும் என்பீர்கள். இனி அலுவலகத்துக்கு எழுத மாட்டேன். அடுத்த கடிதம் வீட்டு முகவரிக்கு வரும்.

மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளை,

தயவுசெய்து வீட்டுக்கு எழுதாதே. பத்து நாள் கொடு.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்கவில்லை. நான் மட்டும் இல்லை, நீயும்தான் என்ற நிம்மதி. ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை இருந்தது. பிறகு, உன்னை நிறுத்தவிடாமல் செய்த கேலியும் என் வாயிலிருந்து வந்ததுதானே என்று தோன்றியது.

புது புஷ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. இதில் ஒரு சங்கதி. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கிவிடக்கூடாதாம். அப்படி இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டி தன் நாலு சக்கரத்தில் நிற்கவேண்டும். இரண்டு இருக்கையிலும் ஆள் எடை இருக்கவேண்டும். கடைசி இறுக்கம் அப்போதுதான். ஷெட்டில் நான் ஒருவன்தான். அதனால் என் பழைய பேப்பர் கட்டுகளைக் குளியலறை எடைமெஷினில் எடை பார்த்து, இருக்கைகளில் அடுக்கி பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது வருடம் நான் எழுதியதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த வாரம் இறுக்கிவிடுவேன். இறுக்கியதும் சொல்வேன்.

அத்தான்


மார்ச் 23

அத்தான்,

இது வீட்டு முகவரிக்கு வருகிறது. உறையில் உங்கள் பெயர்தான் எழுதியிருக்கிறேன். அக்கா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க மாட்டாள்.

பிரித்தாலும் பரவாயில்லை. நடந்தது எதையும் இதில் நான் எழுதவில்லை. நீங்கள் சொல்லவேண்டியதை என் கையெழுத்து சொல்லக்கூடாது. அவள் இதை உங்கள் கையில் கொடுக்கும்போது தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 3

மாப்பிள்ளை,

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இதற்கு ஆதாரம் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் உன் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுத எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். தப்பு இருந்தால் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதம் வந்தது போன வெள்ளிக்கிழமை காலை. நான் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியிருந்தேன். அவள் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் உறையுமாக மெல்ல மெல்ல ஷெட்டுக்குள் வந்தாள். (மெல்ல மெல்ல வரவில்லை, சாதாரணமாகத்தான் நடந்து வந்தேன் என்கிறாள். திருத்திக்கொள்கிறேன்.) "உங்க மச்சினன் கையெழுத்து" என்றாள். "இத்தனை மாசம் கழிச்சு எழுதறான். அதுவும் உங்களுக்கு. எனக்கு இல்ல."

நீ சொன்னபடி நிமிர்ந்து பார்த்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். டயருக்குள்ளிருந்து துணி மூட்டையை எடுத்து, இரண்டு பழைய கட்டைகளையும் சக்கரத்தின் மேல் வைத்துச் சொன்னேன். கிரீஸிலிருந்து ஆரம்பித்தேன். நீ ஸ்டீயரிங் டைட் என்று சொன்னதும், நான் சொன்ன கேலியும் வந்தன. பரிசோதனைக் கூடம் வந்தது. உன்னுடைய பங்கை நான் சொல்லவில்லை, அது உன்னுடையது.

அவள் ஒரு கட்டையை எடுத்து உள்ளே விரலை விட்டாள். விரல் ஒரு பக்கம் கறுப்பாகவும் நுனியில் செம்பழுப்பாகவும் வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"பிப்ரவரி முதல் வாரத்துலேர்ந்து."

"அப்ப நான் 'அது என்ன பித்தளை'ன்னு கேட்டப்பத் தெரியும்."

"தெரியும்."

விரலை என் சட்டையில் துடைத்தாள். நடக்க ஆரம்பித்தாள். அன்றைய நடை மொத்தத்தையும் நடந்து முடித்தாள், ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரலாமா என்று தெரியவில்லை. முடித்துவிட்டு வந்து சொன்னாள். "கிரீஸ் தெரியாம அடிச்சது. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? 'பழசு'ன்னு சொன்னீங்களே, அது தெரிஞ்சு சொன்னது."

பிறகு நான் உன்னைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் வேகமாகப் போனான் என்று நான் கத்தியதை நம்பித்தானே நீ அவனோடு பேசாமல் இருந்தாய் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "நீங்க வராந்தால கத்தும்போது நான் மயக்கத்துல இருந்தேன். அப்புறம் யாரோ சொன்னாங்க. நான் ஏன் நம்பணும்? பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான்தானே! அவன் மாட்டு வண்டி மாதிரி ஓட்டுவான். முன்னாடி போன சைக்கிளைக்கூட அவன் தாண்டல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க கேட்கவே இல்லையே" என்றாள்.

மாப்பிள்ளை, நான் இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சம்பவத்தை நேரில் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் பதினைந்து மாதமாகச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் உப்பு கேட்டேன், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவளுக்குச் சிரமம் தரவேண்டாம் என்று கேட்காமல் இருந்ததாக இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என் தீர்ப்பு எனக்குத் தேவையாக இருந்தது.

உன்னோடு ஏன் பேசவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். "சத்தம் எனக்கும் கேட்டுச்சு. என்னடான்னேன். ஒண்ணுமில்லன்னான். அதோட நிறுத்தியிருந்தாப் பரவாயில்ல, சிரிக்க வேற வெச்சான். நானும் சிரிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அதை வந்து சொல்லுவான், சொல்லுவான்னு பார்த்தேன். போன் பண்ணி 'எப்படிக்கா இருக்கே'ங்கறான். வேறென்ன பேசறது, வெச்சுட்டேன்."

நீ எனக்கு எழுதிய கடிதங்களையும் கேட்டு வாங்கிப் படித்தாள். எல்லாவற்றையும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு அவள் சொன்னதை, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்கிறாள். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதி, பழியை நல்லாப் பாகம் பிரிச்சிருக்கீங்க. கால் என்னோடது. எனக்கு ஒரு வரி எழுதணும்னு ஒருத்தருக்கும் தோணல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்று அவளே வரிசை சொன்னாள். வராந்தாவில் இருந்தவர் ஒருவர் விடாமல் கூப்பிட்டோம். நீ கேட்ட அதே அளவில்தான். "அவன் வேகமாகப் போகவில்லை. நான் பராமரித்த விதத்தால் வண்டி உடைந்தது. நான் விசாரிக்காமல் சொன்னது தப்பு." ஒவ்வொருவரிடமும் இதே வார்த்தைகள். பெரியப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. "கிரீஸா? யாருக்குக் கிரீஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கத்தினேன். மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் பால் வாங்க வந்த இடத்தில், "தப்பாக் கிரீஸ் அடிச்சது நீங்கதானா சார்?" என்றார். ஆமாம் என்றேன். ஆக, தெருவுக்கும் திருத்தம் போய்விட்டது.

அந்தப் போன் பேச்சுகளில் நாங்கள் சிரித்தது பெரியப்பாவிடம் மட்டும்தான். என் அண்ணன் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க பசங்ககிட்ட சொல்லி வெச்சதை இப்ப என்ன பண்றது சித்தப்பா?" என்றாள். பத்திரிகையில் திருத்தம் போட்டால் விஷயம் முடிந்தது என்று இருந்தேன். படித்தவன் மனதில் அது என்ன ஆனது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

வண்டி நிலவரம் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டைகள் இரண்டிலும் கியர் ஆயில் விட்டாயிற்று, மேல்பக்கம் கசிந்து வழியும்வரை. நாலு சக்கரமும் மாட்டி, அடியில் பலகை கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். கிரீஸ் கன் குப்பைக்குப் போகவில்லை. போடப் போனேன், உன் அக்கா தடுத்து, அதை ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னாள். நான் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.

இனி ஆகவேண்டியவை. ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகள் எல்லாம் கையிறுக்கத்தில் நிற்கின்றன. நேற்று காலை உன் அக்கா ஷெட்டுக்கு வந்து இருக்கைகளைப் பார்த்தாள். "இது என்ன, பேப்பருக்கு பெல்ட்டு?" என்றாள். ஆள் எடை வேண்டும் என்பதைச் சொன்னேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது இருக்கையிலிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "இங்க நான் உட்கார்றேன். ஆனா பேச மாட்டேன், உங்ககிட்டயும் அவன்கிட்டயும். உட்கார்றேன், அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் வலது இருக்கையைக் காட்டி, "அந்தப் பேப்பரையும் எடுங்க. அவனை வரச் சொல்லுங்க. சத்தம் வந்தா இந்தத் தடவையாவது வாயைத் திறக்கறானான்னு பார்க்கணும்" என்றாள்.

நீ ஓட்டவேண்டாம். வண்டி நகராது. உட்கார்ந்தால் போதும். நான் முன்னால் பலகைக்குப் பக்கத்தில் படுத்திருப்பேன், கையில் ஸ்பேனரோடு. நானும் பேசப்போவதில்லை.

அவள் சொன்ன நாள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, பதினொன்றாம் தேதி, காலை பத்து மணி. இடது இருக்கைக்கு ஆள் உறுதி. வலது இருக்கை காலியாக இருக்கிறது. அதற்கு ஆள் வருமா என்பது இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும்வரை தெரியவில்லை. ஞாயிறு பத்து மணிக்குத் தெரியும்.

அத்தான்